உஷார்! பேரை ஆற அமர யோசியுங்கள், கெடுவைக் கோட்டை விடாதீர்கள்

ஏற்காட்டிலோ சேர்வராயன் மலையின் வேறெந்த ஊரிலோ பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். வீட்டில் பேர்ப் பஞ்சாயத்து இந்நேரம் தொடங்கியிருக்கும். மாமியார் குலதெய்வத்தின் பேரைத்தான் வைக்க வேண்டும் என்பார். மச்சினர் செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து யாரும் கேள்விப்படாத பேராகக் காட்டுவார். மலைக்குக் கீழே இருக்கும் ஜோசியர், பிறந்த நேரத்தைச் சொல்லுங்கள், எழுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருப்பார். நடக்கட்டும், பேருக்காக வீட்டில் நடக்கும் சண்டையைப் போல் இனிய சண்டை வேறு இல்லை. ஆனால் சண்டை முடியட்டும் என்று சட்டம் காத்திருக்காது. பிள்ளை பிறந்த அன்றே கெடு ஓடத் தொடங்கிவிடும்.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யாரும் பதறியதில்லை. வீட்டில் கூப்பிட ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் கேட்பார், அப்பன்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்வான், அதுவே பிள்ளையின் பேராக நிலைத்துவிடும். பிறந்த தேதியையும் ஜூன் 1 என்று அவரே போட்டுக்கொள்வார். அப்படிப் பேர் வாங்கியவர்கள் படித்தார்கள், வேலைக்கும் போனார்கள். அந்த நெளிவுசுளிவு இனிமேல் கிடையாது.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள். திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காகிதத்தைத்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட் விதியையும் 2025-ல் இதற்கேற்பத் திருத்திவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழைக் காட்டி வயதை நிரூபிக்கும் பழைய வழி உங்களுக்கு உண்டு, உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை.

இப்போது கெடுவைப் பார்ப்போம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாளையும் தாண்டினால் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருஷம் ஓடிவிட்டால் நிர்வாக நடுவர் நிலையில் உத்தரவு வாங்காமல் பதிவே கிடையாது. இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பேர் முடிவாகாததால் பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடவே கூடாது! பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பேரைக் கொடுத்தால் ஒரு பைசா கட்ட வேண்டாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை ரூ.200 தாமதக் கட்டணத்தோடு பேரைச் சேர்க்கலாம். 15 வருஷம் கடந்தால் கதவு மூடிக்கொள்ளும். பழைய பதிவுகளுக்காக அரசு அவ்வப்போது கெடுவை நீட்டித்தது உண்டு. 31.12.2024 வரை அப்படி ஒரு நீட்டிப்பு இருந்தது. அடுத்த நீட்டிப்பு வரும் என்று நம்பி உட்காராதீர்கள்.

எங்கே பதிவது? மலைக்காரர்கள் அதிகம் அலைவது இந்தக் கேள்வியில்தான். பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பதிவு. உங்கள் ஊர் எது என்பது கணக்கில்லை. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ரத்தம் குறைவு என்று சொல்லி 20 கொண்டை ஊசி வளைவையும் இறக்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே பிறக்கும் பிள்ளையின் பதிவு அங்கேதான் இருக்கும். அது தெரியாமல் ஊர் விஏஓவிடம் போய்ச் சான்றிதழ் கேட்டு நிற்பவர்கள் உண்டு. வண்டி பாதி மலை இறங்குவதற்குள் 108-லேயே பிரசவம் ஆகிவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது. வண்டி முதலில் நிற்கும் இடத்தில் அந்தப் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்கும் பொறுப்பு வண்டிக்குப் பொறுப்பானவருடையது. வீட்டிலேயே பிறந்தால் குடும்பத் தலைவர்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

காப்பித் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியாத சேதி ஒன்று. 4 ஹெக்டேருக்குக் குறையாத காப்பி, மிளகு, ஏலத் தோட்டங்களில் பிறப்பு நடந்தால் அதைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது தோட்டத்துக் கண்காணிப்பாளரின் கடமை. சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைத் தனியாகச் சொல்கிறது. துரைமார் காலத்தோடு தோட்டத்து ஆபீசின் வேலை முடிந்துவிடவில்லை. ஆபீஸில் போய்க் கேளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

இனி, பிள்ளையின் பேரை விடப் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். அது உங்கள் பேர்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பேர் ஒரு வரி. அதன் கீழே தாயின் பேரும் தகப்பனின் பேரும் இருக்கும். பிள்ளையின் பேரை நிரப்ப ஒரு வருஷம் அவகாசம் உண்டு. உங்கள் இருவர் பேரோ பிரசவத்தன்றே, பல நேரம் அதற்கும் முன்பே எழுதப்பட்டுவிடும். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிந்து 12 இலக்க எண் வாங்கித் தருகிறாரே, மகப்பேறு உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் வேண்டும். அதில் எப்படி எழுதப்பட்டதோ அதே பேர்தான் உங்கள் பின்னாலேயே வரும்.

"ஏம்மா, உன் பேரு ஆதார்ல எப்படி இருக்கு?"

"அது எங்க அப்பா இனிசியல்ல இருக்குது நர்ஸம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் இவரு பேரைத்தானே போடணும்?"

இந்த ஒரு பதிலில் எத்தனை வருஷத்து அலைச்சல் இருக்கிறது! ஆதாரில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷனின் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே பெண்தான் என்று ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தகப்பன்மார் பேரும் அப்படித்தான். வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பதிவுப் பேர் மார்க் ஷீட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த மலையில் இது இரட்டிப்பு ஆபத்து. இங்கே பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மற்ற சமூகத்தாருக்குச் சாதிச் சான்றிதழ் தாலுகா ஆபீஸோடு முடிந்துவிடும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தகப்பனின் சான்றிதழை வைத்துத்தான் பிள்ளையின் மனுவைப் பார்ப்பார்கள். அதில் ஒரு பேர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் என்று இன்னொரு பேர் இருந்தால், இவர் அவர்தான் என்று யார் சாட்சி சொல்வது? இதோடும் முடியாது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்க ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்த பிறகும், வேலையில் உட்கார்ந்த பிறகும் விசாரணை வரலாம். போலிகளைப் பிடிக்க வந்த சல்லடை அது, சரியான ஏற்பாடுதான். ஆனால் உண்மையான மலைவாசிப் பிள்ளை ஒரு இனிஷியலுக்காக அதில் சிக்கிக்கொண்டால் அந்த வேதனையை என்னவென்று சொல்வது? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பழைய பட்டியலில் அப்பா பேரையும் அம்மா பேரையும் ஊர் ஊராகத் தேடினோமே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பிள்ளை நாளைக்கு அப்படித் தேடக் கூடாது.

அடுத்தது ஸ்பெல்லிங். தமிழில் எழுதிக் கொடுத்த பேரை ஆங்கிலத்தில் தட்டுவது கவுண்டரில் இருப்பவர். யாழினி என்று எழுதிக் கொடுங்கள். ழகரத்துக்கு ஒருவர் 'இசட்-எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போட்டு முடித்துவிடுவார். கவிதாவின் தா-வுக்கு 'டி' மட்டுமா, 'டி-எச்' சேர்த்தா? அவருக்கும் ஆயிரம் வேலை, பின்னால் வரிசை நிற்கிறது. ஏற்காட்டையே ஆங்கிலத்தில் 'ஒய்'யில் தொடங்கி 'டி'யில் முடித்தார்கள், சேர்வராயனை ஷெவராய் ஆக்கினார்கள். மலைக்கு நஷ்டமில்லை, மலை பாஸ்போர்ட் எடுக்கப் போவதில்லை. பிள்ளை எடுக்கும். அதனால் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்துகளில் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். திரையில் தட்டியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெட்கம் வேண்டாம், படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.

ஜோசியமும் நியூமராலஜியும் பார்க்கிறவர்களைப் பார்க்காதே என்று சொல்ல நான் யார்? அசுவினிக்குச் சு, சே, சோ, லா, ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்று எழுத்து பார்த்து வைத்த அழகான பேர்கள் இந்த மலையிலும் இருக்கின்றன. ஆபத்து எண் கணிதக்காரர் நடுவில் புகுத்தும் கூடுதல் எழுத்தில் இருக்கிறது. 2001-ல் ஜெயலலிதா ஆங்கிலத்தில் தம் பேரின் கடைசியில் ஓர் 'ஏ' சேர்த்துக்கொண்டார். அவர் முதல்வர், அடுத்த நாளே கோட்டையில் எல்லாப் பலகையும் மாறும். உங்கள் பிள்ளையின் பேரில் இரண்டு 'ஏ', ஒரு 'எச்' கூடினால், எல்கேஜி முதல் பென்ஷன் வரை ஒவ்வொரு கவுண்டரிலும் அது தன் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் யாரோ அந்த 'எச்'சை விட்டுவிட்டால் அங்கிருந்து தொடங்கும் வம்பு. எண் பார்ப்பதென்றால் பதிவுக்கு முன்னால் பாருங்கள். பதிந்துவிட்டுக் கூட்டுத்தொகை சரியில்லை என்று ஓடி வராதீர்கள்.

ஏனென்றால், பதிந்த பேரை மனம்போல் மாற்ற முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்த 15-ஆம் பிரிவில் வழி இருக்கிறது, ஆதாரம் காட்ட வேண்டும். வேறு பேர் பிடித்துவிட்டது என்பது பிழைத் திருத்தம் ஆகாது. அப்புறம் அரசிதழ், விளம்பரம், பிரமாண வாக்குமூலம் என்று தனிப் பாதை. ஆதாரிலோ பேரை ஆயுசுக்கு இரண்டு தடவைதான் திருத்தலாம். அதனால் ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினால் தற்காலிகமாக ஒரு பேரைச் சொல்லிவைக்காதீர்கள். இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள், சட்டம் உங்கள் பக்கம்.

இனிஷியலை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, தகப்பன் பேரை முழுதாகச் சேர்ப்பதா? எதை வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள், எல்லா ஆவணத்திலும் அதையே வையுங்கள். ஒற்றைப் பேர் நம் வழக்கம்தான், ஆனால் வெளிநாட்டுக்காரன் கண்ணுக்கு அது அரைப் பேர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை ஏற்க மாட்டோம் என்றது. தகப்பன் பேரோ குடும்பப் பேரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

இன்னொன்று. சான்றிதழை இடைத்தரகரிடம் காசு கொடுத்து வாங்காதீர்கள், அரசின் இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எட்டாம் மாசம் தொடங்கியதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம், ஆகவே இரண்டு பேர் தயாராக இருக்கட்டும். ஒரு வெள்ளைத் தாளில் அந்த இரண்டு பேர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கீழே தாய், தகப்பன் பேரை ஆதாரில் இருக்கிறபடியே, ஒரு புள்ளி பிசகாமல் எழுதுங்கள். தாய், தகப்பன் இருவரின் ஆதார் ஜெராக்ஸ், பிக்மி எண், தகப்பனின் சாதிச் சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் தாய் சேய் நல அட்டையோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். இருவரில் யாருடைய ஆதாரிலாவது பேர் தப்பாக இருந்தால் இந்த வாரமே போய்த் திருத்துங்கள். பிரசவ வலி எடுத்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.