மாஜோனே: பல கைகளின் கோவில்

பலேர்மோவின் கால்சாப் பகுதிக்குப் பெயர் தந்தது அரபு மொழி. பாத்திமியரின் ஆளுநர் 937இல் கடலோரமாக நிறுவிய அரண்சூழ் நகரின் பெயர் 'அல் காலிசா'. 'தூயது', 'தெரிந்தெடுக்கப்பட்டது' என்று அதற்குப் பொருள் கூறுவர். 1072இல் நோர்மன்கள் பலேர்மோவைக் கைப்பற்றினர். பெயர் மட்டும் எஞ்சியது. தூய்மையின் பெயரைத் தாங்கிய இப்பகுதியிலுள்ள மாஜோனே தேவாலயத்தில், தூயது எனத் தனியே பிரித்தெடுக்க எதுவுமில்லை என்பதே கவனத்திற்குரியது.

சிசிலிய நோர்மன் அரசின் உயரதிகாரியான மத்தேயோ தஜெல்லோ, 1191 அளவில் இதனைத் திரித்துவத்தின் பெயரால் நிறுவி சிஸ்ரேர்சியன் துறவிகளுக்கு வழங்கினார். அரசுரிமைப் போட்டியில் அவர்கள் தன்க்ரேதின் பக்கம் நின்றனர். வெற்றிபெற்ற ஜேர்மன் பேரரசர் ஆறாம் ஹென்றி 1197இல் அவர்களை அகற்றி, ரியூற்றனிக் போர்வீரத் துறவிகளிடம் கோவிலை ஒப்படைத்தார். அவர்களது உறைவிடத்தைக் குறித்த 'மன்சியோ' என்ற இலத்தீன் சொல்லே மாஜோனே ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அவர்கள் இங்கிருந்தனர்.

கட்டடமும் இதையே சொல்கிறது. உள்ளே தூண்வரிசைகள் பிரிக்கும் மூன்று நீள்கூடங்கள், இலத்தீன் மரபு. கூர்வளைவுகளும், பின்சுவரில் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் வளைவு அலங்காரமும் இஸ்லாமியக் கலை மரபின் தொடர்ச்சி. அதிகாரம் கைமாறியபோதும் கைத்திறன் அறுந்துவிடவில்லை.

பிற்கால நூற்றாண்டுகளின் சேர்க்கைகள் பலவற்றைப் பின்வந்த புனரமைப்பாளர்கள் அகற்றினர். 'மூல' நோர்மன் வடிவத்தை மீட்பதே அவர்களது நோக்கம். ஆயின் எந்த ஆண்டு மூலம்? ஒரு காலத்தை மரபென்று தெரிவுசெய்வது ஏனையவற்றை அழிக்கும் அரசியலும்தான். 1943இல் நேச நாடுகளின் குண்டுவீச்சு கோவிலையும் சுற்றியிருந்த குடிமனைகளையும் சிதைத்தது. இன்று மாஜோனேச் சதுக்கமாகக் காணப்படும் வெளியின் பெரும்பகுதி அக்குடிமனைகள் நின்ற இடமே.

1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோவிலை இடித்ததை நாம் மறக்கவில்லை. 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்தோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டதையும் மறக்கவில்லை. இழப்பைப் பதிவுசெய்வது எமது கடமை. ஆனால் இழந்தவர்கள் 'மாசற்ற மூலம்' ஒன்றைக் கற்பனை செய்வதும் இலகு. அக்கற்பனையில் முதலில் விடுபட்டுப்போவோர் எம்மிடையே வாழ்ந்த மற்றவர்களே. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பள்ளிவாசல்களை எமது மரபுப் பட்டியலில் நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

இதே பலேர்மோவில், பெல்லெக்றினோ மலையின் குகைக்கோவிலுக்கு ஈழத் தமிழர்கள், கத்தோலிக்கரும் இந்துக்களுமாக, புனித றொசாலியாவை வணங்க ஏறுகின்றனர். அந்நகரின் மரபில் எமது அடுக்கும் சேர்ந்துவிட்டது. பிறர் மண்ணில் எமக்குக் கிடைத்த இந்த இடத்தை, எமது மண்ணின் வரலாற்றில் பிறருக்கு மறுக்க எமக்கு உரிமையில்லை.