மங்கும் ஒளி என்ன சொல்கிறது?

ஒளிரும் நானோ துகள்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அவற்றின் பிரகாசத்தைச் சொல்லி வியப்பதோடு முடிந்துவிடுகின்றன. வியக்கக் காரணமும் இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள், குவாண்டம் புள்ளிகளைச் செல்களுக்குள் அடையாளச் சாயமாகப் பயன்படுத்திக் காட்டின. வழக்கமான சாயங்கள் லேசர் பட்டதும் விரைவில் வெளுத்துப்போகும். கேட்மியம் செலினைடாலான இந்தத் துகள்களோ நெடுநேரம் மங்காமல் நின்றன. துகளின் அளவை ஓரிரு நானோமீட்டர் மாற்றினாலே நிறமும் மாறியது. இவற்றைக் கண்டறிந்து, செய்யவும் வழிகாட்டிய பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் 2023-ன் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். ஆனால் படம் எடுப்பது ஒரு வேலை, அளப்பது இன்னொரு வேலை. துகள் எங்கே இருக்கிறது என்று காட்ட வெளிச்சம் இருந்தால் போதும். அங்கே எவ்வளவு இரும்பு, எத்தனை டிகிரி வெப்பம் என்று சொல்வதற்கு, அந்த வெளிச்சம் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்பது தெரிய வேண்டும். பிரகாசத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

கார்பன் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். 2004-ல் கார்பன் நானோ குழாய்களைச் சுத்திகரித்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டவை இவை. கேட்மியம் போன்ற நச்சு உலோகம் இவற்றில் இல்லை. செய்வதும் எளிது. 2012-ல் ஒடிசாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கியே இவற்றைத் தயாரித்தார்கள். அதன்பின் பழத்தோல், இலை, பால் என்று கையில் கிடைத்த கரிமப் பொருள்களிலிருந்தெல்லாம் கார்பன் புள்ளிகள் வந்தன. அந்த ஆய்வுக் கட்டுரைகளில் பல ஒரே வழியில்தான் முடிகின்றன: கரைசலில் ஃபெரிக் இரும்பு அயனியைச் சேர்த்தோம், நீல ஒளி மங்கியது, ஆகவே இது இரும்பைக் கண்டறியும் உணரி. அந்த ‘ஆகவே’ எனக்கு அவசரமாகப் படுகிறது. ஃபெரிக் இரும்பு புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சக்கூடியது. துகளை ஒளிரச் செய்ய நாம் செலுத்துவதும் பெரும்பாலும் புற ஊதாக் கதிர்தான். துகளுக்கும் இரும்புக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படாவிட்டாலும், துகளுக்குச் சேர வேண்டிய கதிரை இரும்பு வழியிலேயே விழுங்கிவிடும். ஒளி மங்கும். அதே அலைநீளத்தை உறிஞ்சும் வேறு எதைச் சேர்த்தாலும் மங்கத்தான் செய்யும். உண்மையில் நடந்தது எது என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. தூண்டப்பட்ட துகள் சில நானோநொடிகள் கழித்தே ஒளியை உமிழ்கிறது. இரும்பு வந்து மோதி ஆற்றலைப் பறித்திருந்தால் அந்தக் கால அளவு குறையும். கதிரை வழியில் விழுங்கியிருந்தால் கால அளவு அப்படியே இருக்கும். கால அளவு மாறவில்லை என்றால் ‘இரும்பு உணரி’ என்ற முடிவைச் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை.

ஒளிர்வது துகள்தானா என்பதுகூடச் சில சமயம் உறுதியில்லை. 2013-ல் சீனாவின் ஜீலின் பல்கலைக்கழகக் குழு, சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமினையும் சேர்த்துச் சூடாக்கி, உறிஞ்சிய ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி உமிழும் கார்பன் புள்ளிகளை அறிவித்தது. துறையே நிமிர்ந்து பார்த்த முடிவு அது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, அந்த நீல ஒளிக்கு முக்கியக் காரணம் தயாரிப்பின்போது பக்கத்தில் உருவாகும் ஒரு சிறிய கரிமச் சாய மூலக்கூறு என்று காட்டியது. தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே பிரித்துப் பார்த்த நேர்மை பாராட்டுக்குரியது. துகளையும் சாயத்தையும் பிரிக்காமல் ‘துகளின் பண்பு’ என்று எழுதப்பட்ட முடிவுகளை இனி எப்படி வாசிப்பது என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. இத்தனைக்கும் இதெல்லாம் தூய நீரில் செய்த சோதனைகள். ஆற்று நீரில் மட்கிய இலைதழையிலிருந்து கரைந்து வரும் பொருள்கள் உண்டு. அவை புற ஊதாவை உறிஞ்சுவதோடு, தாமும் நீல நிறத்தில் ஒளிரும். கார்பன் புள்ளியின் நீலமும் அவற்றின் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

ஒளியை நம்பத்தக்க அளவையாக்க முடியாதா? முடியும், வழியும் பழையதுதான். 1985-ல் ரோஜர் சியென் குழுவினர் செய்த ஃபுரா-2 என்ற சாயம், கால்சியம் சேர்ந்தால் 340 நானோமீட்டர் கதிருக்கு அதிகமாகவும் 380 நானோமீட்டர் கதிருக்குக் குறைவாகவும் ஒளிரும். இரண்டையும் வகுத்தால் கிடைக்கும் விகிதம், செல்லுக்குள் எவ்வளவு சாயம் புகுந்தது என்பதைச் சார்ந்திருக்காது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரௌல் கோப்பெல்மன் குழு இதே எண்ணத்தை நானோ துகளுக்குள் கொண்டுவந்தது. ஆக்சிஜன் பட்டால் மங்கும் ருத்தேனியம் சேர்மம் ஒன்றையும், ஆக்சிஜனைப் பொருட்படுத்தாத பச்சைச் சாயம் ஒன்றையும் ஒரே சிலிக்கா துகளில் அடைத்தார்கள். செல்லின் புரதங்கள் சாயத்தை நெருங்காதபடி சிலிக்கா தடுத்தது. நானோ வைரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வைரப் படிகத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் அமர்ந்து, அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், அந்தக் குறை பச்சை ஒளியை வாங்கிச் சிவப்பு ஒளியைத் தரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைச் செலுத்தும்போது அந்தச் சிவப்பு சற்றே மங்கும். வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் மங்கும் இடம் ஏறக்குறைய 74 கிலோஹெர்ட்ஸ் கீழே நகரும். ஆகவே இங்கே அளக்கப்படுவது அதிர்வெண். வானொலியின் சத்தத்தைக் குறைத்தாலும் நிலையத்தின் அலைவரிசை மாறாதது போல, துகள் மங்கலாகத் தெரிந்தாலும் இந்த எண் பிசகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லேசரும் நுண்ணலைக் கருவியும் ஆய்வகத்துக்குச் சரி. கிராமத்துக் கிணற்றுநீரைச் சோதிக்க மலிவான துகள்தானே வேண்டும்? ‘இருக்கிறதா, இல்லையா’ என்று தெரிந்தால் போதாதா? மலிவு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இரண்டு நிறங்களின் விகிதத்தைப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு புற ஊதா விளக்கும் கைபேசிக் கேமராவும் போதும். ‘ஆம், இல்லை’ சோதனைக்கே பிரகாசம் மட்டும் போதாது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ரேச்சல் மெக்கெண்ட்ரி குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ.வைக் கண்டறியும் காகிதப் பட்டையில், வழக்கமான தங்கத் துகளுக்குப் பதில் நானோ வைரத்தை வைத்தார்கள். பட்டையின் தாளும் ஒளிர்வதால், மிகச் சிறிய சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். நுண்ணலையைச் சீராக ஏற்றி இறக்கியபோது வைரத்தின் ஒளி மட்டும் அதே தாளத்தில் கூடிக் குறைந்தது. தாளின் ஒளி அசையவில்லை. அந்தத் தாளத்தை மட்டும் பிரித்தெடுத்ததால், மாதிரிச் சோதனையில் தங்கத் துகளைவிட 1 லட்சம் மடங்கு உணர்திறன் கிடைத்தது. எங்கே இருக்கிறது என்பதே கேள்வியாக உள்ள மருத்துவப் படங்களில் பிரகாசமே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சிலிக்கா துகள்களை மெலனோமா புற்றுநோயாளிகள் ஐவருக்குச் செலுத்திப் பார்த்த முடிவுகள் 2014-ல் வந்தன. அங்கே முதல் கேள்வி, துகள் உடலை விட்டுப் பத்திரமாக வெளியேறுகிறதா என்பதுதான்.

விகிதமோ கால அளவோ கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒளிரும் பாலிமரின் கால அளவை அளந்து, செல்லின் உட்கரு அதைச் சுற்றியுள்ள பகுதியைவிடச் சுமார் 1 டிகிரி சூடானது என்றார்கள். 2014-ல் பிரான்ஸின் கியோம் பாஃபூ முதலானோர் கணக்குப் போட்டார்கள். ஒரு செல் இயல்பாக உண்டாக்கும் வெப்பத்துக்கு, அதனுள்ளே ஏற்படக்கூடிய வெப்பநிலை வேறுபாடு ஒரு டிகிரியில் 1 லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் என்று வந்தது. 2018-ல் இன்னொரு குழு, ஒரு சாயத்தின் மங்கலை வைத்து, மைட்டோகாண்ட்ரியா 50 டிகிரிக்கு அருகில் இயங்குகிறது என்று அறிவித்தபோது இந்த வழக்கு மேலும் சூடுபிடித்தது. சாயம் உணர்ந்தது வெப்பத்தையா, பாகுத்தன்மையையா, அமிலத்தன்மையையா? கணக்கில்தான் ஏதாவது விடுபட்டதா? இதைத் தீர்க்கும் முறைக்கு 2013-ல் ஹார்வர்டில் மிகைல் லூக்கின் குழு செய்த சோதனை நல்ல முன்மாதிரி. ஒரே மனிதச் செல்லுக்குள் நானோ வைரத்தையும் தங்கத் துகளையும் வைத்தார்கள். தங்கத்தை லேசரால் சூடேற்றினார்கள். எவ்வளவு ஆற்றல் கொடுத்தோம் என்பது அவர்கள் கையில் இருந்தது, வைரம் காட்டிய எண் அதனோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்க முடிந்தது. ஆரஞ்சுச் சாற்றுத் துகளுக்கும் இதே சோதனையைக் கேட்கலாம்: தெரிந்த அளவு இரும்பை ஆற்று நீரில் கலந்து, உணரி சொல்லும் எண்ணையும் வேறொரு முறையில் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடட்டும்.