சுதந்திரச் சீட்டு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் பட்டம் பெற்றவன் அல்லன். கடையில் உட்கார்ந்தபடியே நாற்பது வருஷமாய்ப் படித்து வருபவன். அண்மையில் படித்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவேயில்லை. அடிமைகள் நிறைந்த நாட்டில், அடிமையல்லாத கறுப்பின ஏழை எப்படிப் பிழைத்தான்? அதையே எழுதுகிறேன்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தார் எல்லோருமே அடிமைகள் என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. 1860 கணக்கெடுப்பின்படி, அடிமைமுறை இருந்த மாநிலங்களில் சுமார் 2,60,000 கறுப்பினத்தார் சட்டப்படி சுதந்திரமானவர்கள். மேரிலாந்தின் துறைமுக நகரான பால்டிமோரில் இவர்கள் 25,000க்கு மேல். அடிமைகளோ 2,200 சொச்சம்தான். சிலரை எஜமானர்களே விடுவித்தார்கள். சிலர் கூலியில் மிச்சம் பிடித்துத் தங்களையே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்! தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். ஆகவே விடுதலையானவன் முதலில் மனைவியை மீட்கத்தான் பணம் சேர்த்தான்.

இவர்கள் குடியிருப்பு, பெரிய தெருக்களின் பின்பக்கச் சந்துகளில். ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், வண்டி ஓட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள், கப்பல்களுக்குக் கலப்பத்து அடித்தார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் சலவை வேலை. தண்ணீர் சுமந்து, துணியை வேகவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்தால்தான் அடுப்பெரியும்.

இனி சட்டத்தைப் பாருங்கள். 1805ஆம் ஆண்டு மேரிலாந்து சட்டப்படி, சுதந்திரக் கறுப்பினத்தவர் தாம் விளைவித்த சோளம், கோதுமை, புகையிலையை விற்கவும் நன்னடத்தைக்கு மாஜிஸ்திரேட்டிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். திருட்டுச் சரக்காய் இருக்குமோ என்ற சந்தேகம்! லைசென்ஸ் நமக்கும் உண்டு. ஆனால் நம் தோலைப் பார்த்துக் கேட்பதில்லை. வெள்ளையர் ஒருவர் கடன் பாக்கியைக் கொடுக்காவிட்டாலோ, அடித்துவிட்டாலோ, அவருக்கெதிராக இவர்கள் சாட்சி செல்லாது. வியாபாரம் செய்பவனுக்கு இதன் வலி புரியும். பள்ளிக்கூட வரியும் கட்டினார்கள். பிள்ளைகளை மட்டும் பள்ளியில் சேர்க்கவில்லை. வறுமையில் இருப்பவர் பிள்ளைகளை நீதிமன்றமே எடுத்து வேறொருவரிடம் வேலைக்குக் கட்டிவைக்கலாம்.

வெளியே போனால் இடுப்பில் சுதந்திரச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டும் முழுக் காவல் அல்ல. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிடில் கலைஞர் சாலமன் நார்த்தப் பிறவியிலேயே சுதந்திரமானவர். 1841இல் வேலை தருவதாக ஏமாற்றி வாஷிங்டனுக்குக் கூட்டிப்போய், சீட்டையும் பறித்து, அடிமையாக விற்றுவிட்டார்கள். அவர் மீண்டது 1853இல்!

ஆனாலும் இவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. தேவாலயங்களோடு சேர்த்துப் பள்ளி நடத்தினார்கள். சிறு சந்தா கட்டி உதவிச் சங்கங்கள் அமைத்து நோய்க்கும் சாவுச் செலவுக்கும் கொடுத்தார்கள். படித்தபோது, சொந்த பந்தம் பக்கத்தில் இல்லாத ஊரில் நம் பெரியவர்கள் இந்தச் சங்கத்தை ஏன் தொடங்கினார்கள் என்பது எனக்கு இன்னும் நன்றாய் விளங்கியது.

ஒரு சம்பவத்தோடு முடிக்கிறேன். பிற்காலத்தில் பெரும் தலைவரான பிரெடெரிக் டக்ளஸ் பால்டிமோரில் அடிமையாய்க் கலப்பத்து வேலை பார்த்தவர். 1838இல் சுதந்திரக் கறுப்பின மாலுமி ஒருவரின் சீட்டைக் கடன் வாங்கி, மாலுமி வேஷத்தில் ரயிலேறித் தப்பினார். வழிச்செலவுக்கு உதவியவர், வீட்டு வேலை செய்து காசு சேர்த்த ஆன்னா மர்ரே என்ற சுதந்திரப் பெண்மணி; பிறகு அவரையே மணந்தார். டக்ளஸ் பிடிபட்டிருந்தால் சீட்டைக் கொடுத்தவர் கதி என்ன? தன் ஒரே காப்பையே கழற்றிக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

மேரிலாந்தில் அடிமைமுறை 1864 நவம்பர் 1ஆம் தேதி ஒழிந்தது. அதற்குப் பிறகும் விடுதலையானவர்களின் பிள்ளைகளை வேலைக்குக் கட்டிவைப்பது நிற்கவில்லை. அந்தக் கட்டு செல்லாது என்ற தீர்ப்பு 1867இல்தான் வந்தது. சீட்டில் எழுதிய சுதந்திரம் வீட்டுக்குள் வந்து சேர எவ்வளவு காலமாகிறது என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.