குறைந்த தீவிர அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைப் பயிற்சி: கோவா ஆய்வை முன்வைத்து

குறைந்த தீவிர அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, முழுச் சிகிச்சையின் நீர்த்த வடிவமன்று. நோயர் தாமே செய்யும் பயிற்சிகளைச் சில குறுகிய அமர்வுகளில் நெறிப்படுத்தும் தனித்திறன். இங்கிலாந்து 2008 முதல் இதற்கெனப் பல்கலைக்கழகப் பயிற்சி அளித்து வருகிறது. கோவாவில் வேறு வழி. அங்கு நிகழ்ந்து, 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், உளவியல் தொழிற்பயிற்சி முன்பு பெறாத உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் நடத்தைத் தூண்டல் முறையைக் கையாண்டனர். மனநிலை மாறக் காத்திராமல் செயலிலிருந்து தொடங்குவதே அம்முறை. வழக்கமான மருத்துவ உதவியுடன் இது சேர்ந்தபோது கடும் மனச்சோர்வும் தணிந்தது. பட்டத்தினும், ஒலிப்பதிவு செய்த அமர்வுகளை ஆலோசகர்கள் குழுவாகக் கேட்டு மதிப்பிட்ட மேற்பார்வையே இங்குக் கருதத்தக்கது. முதுநிலைப் பாடத்திட்டம் சிதம்பரத்தில் வகுக்கப்பட்டாலும், களம் லால்பேட்டை போன்ற ஊர்களே. ஆடவர் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கும் அவ்வூரில், துயரம் ‘மனச்சோர்வு’ என்னும் கலைச்சொல்லோடு வருவதில்லை. ‘தூக்கம் வரல’, ‘நெஞ்சு படபடங்குது’ என்றே வரும். மாணவர் முதலில் கேட்டுப் பழக வேண்டிய ஒலிப்பதிவு அதுவே.