பாடசாலைகளுக்குப் பொருள் வழங்குதல்

பள்ளிக்கூடம் தோன்றிய ஊரில் அதற்கு வேண்டிய பொருள்களை வழங்கும் தொழிலும் உடன்தோன்றும். யாழ்ப்பாணத்தில் இத்தேவையை முதலில் உணர்ந்தவர்கள் பள்ளிகளை நிறுவிய பெரியோர்களே. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கு ஏற்ற பாடநூல்கள் இல்லாமை கண்டு, அடுத்த ஆண்டில் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து, நூல்களைத் தாமே அச்சிடலானார். அதற்கு முன்னரே அமெரிக்க மிசனரிமார் மானிப்பாயில் அச்சகம் ஒன்றை நடத்தினர். அக்காலத்தில் பள்ளியை நடத்தியவரே பொருளையும் தேடினார். அவர் நம்பிய வணிகரே பொருளை வழங்கினார். முகாமையாளரின் வாய்ச்சொல் ஒன்றே கட்டளைக்குப் போதுமானதாய் இருந்தது.

1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் இந்நிலையை மாற்றின. உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. அன்று முதல், ஒரு வெண்கட்டிப் பெட்டி வாங்குவதாயினும் அது பொதுமக்களின் பணத்தால் வாங்கப்படுவதாயிற்று. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும்; கணக்குக்கு விதி வேண்டும்; விதிக்குப் பத்திரம் வேண்டும். குடாநாட்டின் சிறு வணிகரும் கைவினைஞரும் பாடசாலை வாயிலில் இன்றும் தயங்கி நிற்பது இப்பத்திரங்களைக் கண்டுதான். அவர்கள் தயங்கி நிற்கும் வேளையில், தூரத்து நகரத்திலிருந்து வருபவர் அவ்வாயிலில் எளிதில் நுழைந்துவிடுகிறார். ஆதலின், பாடசாலை எவ்வாறு வாங்குகிறது என்பதை அறிந்துகொள்வது தொழிலுக்கும் நன்று, ஊருக்கும் நன்று.

முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பாடசாலை ஒன்றேயாயினும், அதற்காக வாங்கும் கைகள் பல. எப்பொருளை எக்கை வாங்குகிறது என்று தெரியாதவர், நல்ல பொருளை வைத்துக்கொண்டு தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

முதலாவது கை, பாடசாலையினுடையதே. அதிபரைத் தலைவராகக் கொண்டு பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அடங்கிய பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சிறு கொள்வனவுகளில் ஈடுபடுகிறது. 2000ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, மாணவர் தொகை முதலிய அளவுகோல்களைக் கொண்டு ஒவ்வொரு பாடசாலைக்கும் 'தர உள்ளீடு' என்னும் நிதி ஒதுக்கப்படுகிறது. கடதாசி, வெண்கட்டி, ஆய்வுகூட இரசாயனங்கள், விளையாட்டுப் பொருள்கள், நூலக நூல்கள் போன்றவை இந்நிதியால் வாங்கப்படும். ஊர்க் கடைக்காரருக்கு மிக அருகில் உள்ள கதவு இதுவே. அரசின் நிதியாண்டு திசெம்பர் 31ஆந் திகதியுடன் முடிவதால், ஆண்டின் இறுதியில் வந்து நிற்பவரைவிட ஆண்டின் நடுவிலேயே தம் பொருளையும் விலையையும் அறியத் தந்தவரே பயன் பெறுவார்.

இரண்டாவது கை, வலயக் கல்வி அலுவலகம். யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உள. மூன்றாவது கை, வட மாகாணக் கல்வித் திணைக்களமும் அதன்மேல் உள்ள அமைச்சும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் மாகாணப் பாடசாலைகள் இவற்றின் பொறுப்பில் வந்தன. பெருந்தொகையான தளபாடங்கள், கட்டட வேலைகள், கணினிகள் போன்றவை பெரும்பாலும் இந்நிலைகளிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

நான்காவது கை, கொழும்பில் உள்ள மத்திய கல்வி அமைச்சு. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி போன்ற தேசியப் பாடசாலைகள் அதன் நிருவாகத்தின் கீழ் உள்ளவை. 1980ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல்களும், 1993ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் சீருடைத் துணியும் மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே இவ்விரண்டையும் ஊர்ப் பாடசாலைக்கு விற்கலாம் என எண்ணி எவரும் முதல் போடுதல் வீண். எனினும் துணி இலவசமாக வந்தாலும் அதைத் தைக்கும் கூலி ஊர்த் தையற்காரருக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

இவற்றுக்குப் புறம்பாக இரு கைகள் உள. சென். ஜோன்ஸ் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவை 1960ஆம் ஆண்டின் பின்னரும் தனியார் பாடசாலைகளாகவே நின்றன. அவை தத்தம் ஆட்சிக் குழுக்களின் முறைப்படி வாங்குகின்றன. மற்றையது, பழைய மாணவர் சங்கங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளை கொண்ட சங்கங்கள் அனுப்பும் பணத்தால் வகுப்பறைகளுக்குத் திரைகளும் கணினிகளும் வருகின்றன. அப்பணம் அரசின் விதிக்குள் அடங்காதாயினும், அதை அனுப்புவோர் மூன்று விலைகளை ஒப்புநோக்கிப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

கதவை அறிந்த பின்னர் செய்ய வேண்டியது பதிவு. தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவு செய்தல் முதற்படி. அடுத்து, வருமான வரி இலக்கமும் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். இவற்றுடன், ஆண்டின் இறுதி மாதங்களில் நாளிதழ்களில் வரும் 'வழங்குநர்களைப் பதிவு செய்தல்' என்னும் அறிவித்தலைத் தவறாது பார்த்தல் வேண்டும். எழுதுபொருள், தளபாடம், அச்சு வேலை, இயந்திரத் திருத்தம், துப்புரவுப் பொருள் என வகை வகையாகப் பெயர் பதியப்படும். ஒவ்வொரு வகைக்கும் சிறு கட்டணம் உண்டு. அடுத்த ஆண்டில் விலை கேட்கும்போது அலுவலகம் முதலில் திறப்பது இப்பட்டியலையே. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கேள்விமனுக்களாயின், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி மற்றொரு பதிவும் வேண்டும்.

வாங்கும் முறை தொகையைப் பொறுத்தது. சிறு தொகையாயின், பொதுவாக மூவருக்குக் குறையாதோரிடம் விலைமனு கேட்கப்படும். பெருந்தொகையாயின், நாளிதழில் அறிவித்து முத்திரையிட்ட உறைகளிற் கேள்விமனு பெறப்படும். இவற்றை வகுத்த 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டிக்குப் பதிலாகப் புதிய வழிகாட்டி 2025 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. தொகை எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், அவற்றை அவ்வவ் அலுவலகத்திற் கேட்டறிதலே முறை.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். சாவகச்சேரியில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர், இருநூறு மாணவர் கதிரைகளுக்கான கேள்விமனுவைக் காண்கிறார் எனக் கொள்க. அவர் முதலில் வாசிக்க வேண்டியது விவரக்குறிப்பு. இருக்கையின் உயரம், மரத்தின் வகை, சட்டத்தின் கனம், பூச்சு, ஒப்படைக்கும் இடம், நாள் ஆகிய யாவும் அதில் இருக்கும். கேட்டதிலும் உயர்ந்த மரத்தால் செய்வேன் என்று அவர் கூடிய விலை இட்டால், அக்கூடுதலுக்குப் புள்ளி கிடையாது. விவரக்குறிப்பை நிறைவு செய்தோருள் மிகக் குறைந்த மதிப்பீட்டு விலை உடையவரே தெரிவு செய்யப்படுவார். குறைந்த மரத்தால் செய்து குறைந்த விலை இட்டாலோ, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு அம்மனுவை நீக்கிவிடும். கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதே இங்குத் தொழில் நேர்த்தி. விவரக்குறிப்பில் ஐயம் எழுந்தால், மனு முடியும் நாளுக்கு முன்னர் எழுத்தில் விளக்கம் கேட்டல் வேண்டும்.

விலை இடுகையில் மரம், கூலி என்னும் இரண்டோடு பலர் நின்றுவிடுகின்றனர். அக்கதிரைகளிற் சில நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போக வேண்டியவையாயின், குறிகட்டுவான் இறங்குதுறை வரை பாரவண்டியும், அங்கிருந்து படகும், ஏற்றி இறக்கும் ஆட்கூலியும் கணக்கில் வர வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் படகு போகாது; ஒப்படைக்கும் நாளோ பத்திரத்தில் நிற்கும். இவற்றை எண்ணாமல் இட்ட விலையால் இலாபம் கடலோடு போய்விடும். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாதவர் அவ்வரியைத் தம் பட்டியலிற் சேர்த்தல் ஆகாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

உறை குறித்த நேரத்துக்கு முன் சேர வேண்டும். நேரம் முடிந்தவுடன் வந்திருப்போர் முன்னிலையில் உறைகள் திறக்கப்பட்டு விலைகள் உரத்து வாசிக்கப்படும். பிந்தி வந்த உறை திறக்கப்படாமலே திரும்பும். கையொப்பம் இல்லாமையும், அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இடாமையும், கேட்ட பிணையை இணைக்காமையுமே நல்ல தொழிலாளர் பலரைத் தோற்கடிக்கின்றன. கைத்தொழிலில் மாதக்கணக்கில் பொறுமை காட்டுபவர், பத்திரத்துக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கத் தயங்குதல் தகாது.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்துமூலக் கட்டளை கைக்கு வராமல் பொருளை இறக்குதல் கூடாது. ஒப்படைத்த பொருளுக்குப் பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் இல்லாமல் திரும்புதலும் கூடாது. அவ்விரு பத்திரங்களுமே பட்டியலுக்கு உயிர். அவை இருந்தும் பணம் தாமதிப்பதுண்டு. ஆதலின், கடன் வாங்கித் தொழில் செய்பவர் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவுக்கே கட்டளைகளை ஏற்றல் வேண்டும். 2022ஆம் ஆண்டு இதற்கு ஒரு பெரும் பாடமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. செப்டெம்பரிற் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியது. நீண்ட காலத்துக்கு ஒரே விலையை உறுதி கூறியிருந்தவர்கள் நட்டப்பட்டனர். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்னும் வரியை வாசியாமல் ஒப்பமிடுதல் ஆபத்தானது.

இவ்விடர் மிகுதியாகத் தாக்குவது பாடசாலை உணவை வழங்கும் தாய்மாரையே. ஊரிலுள்ள பெண்கள் சமைத்துக் கொண்டுவரும் சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு வழங்கப்படுகின்றன. 2024 மார்ச்சில் இத்திட்டம் ஆரம்பப் பிரிவு முழுவதற்குமாக விரிக்கப்பட்டது. சமைப்பவர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்வையிடுவார். கதிரை செய்பவர் ஒரு கிழமை பிந்தலாம். சமைப்பவர் ஒரு நாளும் பிந்த இயலாது. கொடுப்பனவு பிந்தும் மாதங்களில் கடைக்காரரின் கடன் கொப்பியிலேயே அப்பிள்ளைகளின் உணவு தங்கியிருக்கிறது. இதனை அறிந்த அதிபர்கள், வரவுப் பதிவையும் பட்டியலையும் மாத முடிவிலேயே மேலிடத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். அவர்களது இச்சிறு விழிப்பு அத்தாய்மாருக்குப் பேருதவி.

இறுதியாக, நேர்மை. பொருள் வாங்கும் குழுவில் இருப்பவரின் உறவினர் விலை இடுவதாயின், அவ்வுறவை வெளிப்படுத்தி அவர் குழுவிலிருந்து விலகி நிற்றல் வேண்டும். அன்பளிப்பு என்ற பெயரில் கொடுப்பதும் பெறுவதும் 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம். தோற்றவருக்கும் உரிமை உண்டு. தம் மனு ஏன் நீக்கப்பட்டது என்று அவர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் விடை கோரலாம். அவ்விடையை அடுத்த மனுவுக்கு வழிகாட்டியாகக் கொள்பவர் மறுமுறை வெல்லக் கூடும்.

ஒரு கதிரை பத்து ஆண்டுகள் உழைக்க வேண்டியது. அதன் கால் ஓராண்டில் ஆடத் தொடங்கினால், வணிகர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போயிருப்பார், குழு கலைந்திருக்கும், கோப்பும் மூடப்பட்டிருக்கும். தரையில் அமர்ந்து எழுதுவது அவ்வகுப்பின் பிள்ளையே. அதே ஊரிற் பட்டறை வைத்திருப்பவர் அப்பிள்ளையைத் தெருவில் நாளும் காண்பவர். விதியைக் கற்று அவர் வாயிலுக்கு வருவாராயின், பாடசாலைக்கு நல்ல கதிரையும், அது பழுதுபட்ட நாளில் வந்து திருத்தித் தருவதற்கு ஓர் ஆளும் ஒருங்கே கிடைக்கும்.