ஈத்தூண்டிலும் பெயரற்ற மீனும்

தமிழர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தபொழுது வலையும் தூண்டிலும் நெய்தலுக்கும் மருதத்திற்கும் உரியவாயின. கடலற்றது கொங்கு நாடு எனினும், காவிரியும் பவானியும் அமராவதியும் தூண்டிற்காரனை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மூங்கிற்கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டாலான தக்கை, முள்ளிற் கோத்த மண்புழு ஆகியவற்றை நம் மாணவர் பலரும் அறிவர். மேலைநாட்டார் ‘ஃப்ளை ஃபிஷிங்’ என வழங்கும் முறையோ நம்மிடையே அவ்வளவாக அறியப்படாதது. ‘ஈத்தூண்டில்’ என நாம் அதற்குப் பெயரிட்டுக் கொள்வோம். பசிபிக் கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவு போன்ற தொலைதூர வெப்பக் கடற்கரைகளுக்கு, முழங்காலளவு நீரில் நின்று இம்முறையில் மீன் பிடிப்பதற்கென்றே பெரும்பொருள் செலவிட்டுச் செல்வோர் உளர்.

இதன் நுட்பம் எளிது, பழக்கமோ அரிது. நாமறிந்த தூண்டிலில் இரையின் பாரமோ ஈயக்குண்டின் பாரமோ நரம்பை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் முள்ளின்மீது இறகும் மயிரும் நூலும் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்வர். கடலாயின் இறாலையும் சிறுமீனையும் ஒப்பச் செய்வர். இப்பொய்யிரைக்குப் பாரமே இல்லை எனலாம். ஆதலின் பாரத்தைக் கயிற்றுக்கே ஏற்றிவிட்டனர். வளையும் கோலால் அக்கயிற்றை முன்னும் பின்னும் வீசுங்கால், அது காற்றில் சுருள் விரிந்து நீண்டு, நுனியிலுள்ள ஈயை நீர்மேல் மெல்ல இறக்கும். பின்வீச்சில் கயிறு முற்றும் நீளுமுன் அவசரப்பட்டு முன்வீச்சைத் தொடங்கினால், வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கினாற் போன்ற ஓசை எழும். ஈயும் அறுந்து போகும். பொறுமையைக் கற்பிக்க இதனினும் மலிவான ஆசிரியர் இலர்.

ஆங்கிலேயர் இக்கலையை இங்குக் கொணர்ந்தனர். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலை 1873-ல் வெளியிட்டார். நம் ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றியும் அவர் தனிநூல் ஒன்று எழுதினார். தம் நாட்டு மீனின்றி அவர்களுக்கு நிறைவு வரவில்லை போலும். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க 1860களில் ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். பின்னர் 1907 அளவில் எச். சி. வில்சன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவுக்குரிய வானவில் டிரவுட் நம் மலையில் குடியேறிற்று.

குளிர் நீரிலே அயல் மீனைத் தேடியவர்க்கு, கீழேயுள்ள வெப்ப நீரில் ஓர் அரசன் காத்திருந்தான். கெண்டை இனத்தைச் சார்ந்த, முதுகு திமிலெனப் புடைத்த மஹ்சீர் மீனையே குறிக்கிறோம். 1946-ல் காவிரியின் துணையாறாகிய கபினியில் மைசூர் வான் இங்கன் பிடித்த ஒரு மீன் 120 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுடையது. உலகெங்கணுமிருந்து தூண்டிற்காரர் இதனை நாடிக் காவிரிக் கரைக்கு வந்தனர். இத்துணைப் புகழ் பெற்ற மீனுக்கு அறிவியலார் உறுதி செய்த பெயரொன்று நெடுங்காலம் இல்லாமற் போனதுதான் வியப்பு!

1970களில், கிருஷ்ணை ஆற்றுப் படுகைக்குரிய நீலத்துடுப்பு மஹ்சீரைச் செயற்கை முறையிற் பெருக்கிக் காவிரியில் விடத் தொடங்கினர். நோக்கம் நன்றே. விளைந்தது யாது? கர்நாடகத்துக் கலிபோர் முகாமில் தூண்டிற்காரர் மீனைப் பிடித்து, எடை குறித்து, மீண்டும் ஆற்றில் விட்டு வந்தனர். (அங்கே பொய்யீயை விட ராகி உருண்டைக்கே மதிப்பு அதிகம்.) 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்பேடுகளை ஆய்ந்தபொழுது, நீலத்துடுப்பு பெருகியதும் திமில் மீன் அருகியதும் தெளிவாயின. பொழுதுபோக்கெனக் கருதப்பட்டது சான்றாவணமாயிற்று. பிடித்து விடுவது மீனுக்கு இன்பம் அன்று என்பதில் நமக்கு ஐயமில்லை; ஆயினும் அவ்வேடுகள் இன்றேல் இவ்விழப்பு எண்களாக நம் கைக்கு எட்டியிராது.

பெயரோ நம் பக்கத்து ஆற்றிலிருந்து வந்தது. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நீர்த்தேக்கத்திற்கு நீர் தரும் பாம்பாற்றின் கிளையான சின்னாற்றில் கிடைத்த மீனொன்றை, விலங்கியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் ‘டோர் ரெமாதேவியை’ என 2011-ல் ஆய்வாளர் விவரித்தனர். மோயாற்றில் பிடித்த திமில் மீன்களை ஆய்ந்தோர், இரண்டும் ஒன்றே என 2018-ல் நிறுவினர். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாகவும் பட்டியலிடப்பட்டது. பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒருங்கே நிகழ்ந்தன என்க.

முட்டையிடுதற்கு நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும் மீன் இது. மேட்டூர் அணை 1934-லும் பவானிசாகர் அணை 1955-லும் வழியை மறித்தன. வெடி வைத்துப் பிடிப்போர் குஞ்சையும் விட்டு வைப்பதில்லை. எஞ்சியவற்றுக்கு, பவானிசாகரில் வந்து கலக்கும் மோயாறு இன்று முக்கியப் புகலிடம்.

அறிவியற் பெயர் 2011-ல் வந்தது. ஆற்றங்கரை மக்கள் அதுவரை வாளாவிருந்திருப்பரோ? சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், உடுமலைப் பகுதி மாணவர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் ஆற்றுமீன்களின் வழக்குப் பெயர்களைக் கேட்டு, சொன்னவர் ஊரும் வயதும் குறித்துத் துறையில் சேர்ப்பிப்பாராயின், அகரவரிசையில் அவற்றைத் தொகுத்துத் தர நாம் அணியமாயுள்ளோம்.