மரியோ பூசோ

மரியோ பூசோ (அக்டோபர் 15, 1920 – சூலை 2, 1999) அமெரிக்க நாவலாசிரியர், திரைக்கதை எழுத்தாளர். 'காட்பாதர்' என்ற நாவலால் உலகெங்கும் அறியப்பட்டவர். அவருடைய சிறந்த நாவல் அதுவன்று என்பது அவருடைய கருத்து.

இளமை

நியூயார்க் நகரில் 'எல்சு கிச்சன்' எனப்படும் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியின் தென்பகுதியிலிருந்து குடியேறியவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தந்தை ரயில் பாதையில் வேலை செய்த தொழிலாளி. பூசோவுக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட, தாய் தனியாகவே ஏழு பிள்ளைகளை வளர்த்தார். மகன் ரயில்வேயில் எழுத்தர் ஆனால் போதும் என்பதுதான் அந்தத் தாயின் ஆசை. எழுத்தாளராகப் போகிறேன் என்று மகன் சொன்னதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வான்படையில் சேர்ந்து செருமனியில் பணியாற்றினார். கண்பார்வை குறைவு என்பதால் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. போருக்குப் பிந்தைய செருமனியே அவருடைய முதல் நாவலான 'த டார்க் அரீனா'வின் (1955) களம்.

பாராட்டும் கடனும்

இரண்டாவது நாவல் 'த பார்ச்சுனேட் பில்கிரிம்' 1965 இல் வந்தது. தன் தாயை மனத்தில் வைத்து எழுதிய கதை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், புத்தகம் விற்கவில்லை. மனைவி, ஐந்து பிள்ளைகள், அரசு அலுவலக எழுத்தர் வேலை, பிறகு ஆண்களுக்கான மலிவுவிலை இதழ்களில் மரியோ கிளெரி என்ற புனைபெயரில் சாகசக் கதைகள் என்று காலம் ஓடியது. சூதாட்டப் பழக்கமும் உண்டு. 45 வயதில் உறவினர், வங்கி, பந்தயத் தரகர், கந்துவட்டிக்காரர் என எல்லோருக்குமாக 20,000 டாலர் கடன்பட்டிருந்தார். கலைக்காக எழுதியது போதும், இனிப் பணத்துக்காக எழுதுவோம் என்று அப்போதுதான் முடிவு செய்தார். இதை அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

அப்படி எழுதியதுதான் 1969 இல் வெளியான 'காட்பாதர்'. கோர்லியோனி என்னும் குற்றக் குடும்பத்தின் கதை. படிப்பவர்கள், இவர் அந்தக் கூட்டத்தோடு பழகியவர் என்றே நினைத்தார்கள். உண்மையில் எல்லாமே ஆய்வு செய்து திரட்டிய செய்திகள். உண்மையான குற்றக்குழுக்காரர் ஒருவரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். குடும்பத் தலைவர் விட்டோ கோர்லியோனி பேசும்போதெல்லாம் தன் காதில் கேட்டது தாயின் குரல்தான் என்றும் பின்னாளில் கூறினார். அந்த முரட்டுக் கிழவருக்குள் ஓர் அம்மா இருக்கிறார் என்று தெரிந்தபின் நாவலைப் படித்தால் அது வேறு நாவலாகத் தெரிகிறது.

தலைப்பைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. கிறித்தவர்களிடையே ஞானமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவரே ஞானத்தந்தை. இச்சொல்லைக் குற்றக்குழுத் தலைவர் என்ற பொருளில் பரவச் செய்தது இந்நாவலே.

காகித அட்டைப் பதிப்பு உரிமை மட்டும் 4,10,000 டாலருக்கு விலைபோனது. தாயிடம் தொலைபேசியில் சொன்னபோது, நாற்பதாயிரமா என்று கேட்டாராம். மூன்று முறை திருத்திச் சொன்ன பிறகு அவர் சொன்ன பதில், யாரிடமும் சொல்லாதே என்பதுதான்.

திரைப்படம்

நாவல் முடியும் முன்பே பாரமவுண்ட் நிறுவனம் படமாக்கும் உரிமையைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டது. கடனில் இருந்தவரால் பேரம் பேச முடியவில்லை. இயக்குநர் பிரான்சிசு போர்டு கொப்போலாவுடன் சேர்ந்து பூசோ திரைக்கதை எழுதினார். மார்லன் பிராண்டோ நடிக்க வேண்டும் என்று அவருக்கே கடிதம் எழுதியவரும் பூசோதான். முதல் படம் (1972), இரண்டாம் படம் (1974) இரண்டுமே சிறந்த படத்துக்கான ஆசுக்கர் விருது பெற்றன; தழுவல் திரைக்கதைக்கான விருது பூசோவுக்கும் கொப்போலாவுக்கும் இருமுறை கிடைத்தது. அதன் பிறகுதான் முறையாகக் கற்போமே என்று திரைக்கதை எழுதுவது பற்றிய நூல் ஒன்றை வாங்கினாராம். அதன் முதல் அத்தியாயமே, 'காட்பாதர்' படத்தைப் படியுங்கள் என்றது!

'சூப்பர்மேன்' (1978) படத்தின் கதையும் இவருடையது. 'த சிசிலியன்' (1984), 'த லாஸ்ட் டான்' (1996) ஆகிய நாவல்களும் திரைவடிவம் பெற்றன. தமிழில் மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தில் 'காட்பாதர்' படத்தின் சாயலைக் காணலாம்.

இவ்வளவு புகழுக்குப் பிறகும், 'காட்பாதர்' நாவலை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தன் நாவல்களில் சிறந்தது எது என்று கேட்டால், விற்காமல் போன 'த பார்ச்சுனேட் பில்கிரிம்' என்றே சொன்னார். 1999 இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள தம் இல்லத்தில் இதயம் செயலிழந்து காலமானார். அவருடைய 'ஒமெர்தா' நாவல் மறு ஆண்டு வெளிவந்தது.